இலவசமாக வந்த பால்டப்பா

தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் வேலை பார்க்கும் கோமதி சென்ற மாதம் எனக்குப் போன் செய்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முன் என்னோடு வேலை பார்த்த நர்ஸ். பிள்ளை பெற்று வீட்டுக்குப் போகிறவர்களுக்கு ஒரு பை கொடுக்கச் சொல்லி அங்கே நிர்வாகம் உத்தரவு போட்டிருக்கிறதாம். பைக்குள் சோப்பு, பவுடர், கூடவே ஒரு பால்மாவுக் கம்பெனியின் அட்டை. பால் பற்றாத தாய்மார்கள் அந்த அட்டையில் இருக்கிற எண்ணில் பேசினால் ஆலோசனை சொல்வார்களாம். அந்தக் காலத்துப் பால்டப்பாதானே இப்போது அட்டையாக வருகிறது என்று கோமதி கேட்டாள். அதேதான் என்றேன். அப்போது நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள், எழுதிக் கொடுங்கள், இங்கே எல்லோரும் வாசிக்க வேண்டும் என்றாள். பேசச் சொன்னால் மணிக்கணக்கில் பேசுவேன். எழுதச் சொன்னதால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

பாளையங்கோட்டையில் நர்ஸ் பயிற்சி முடித்து, எழுபதுகளின் நடுவில் தென்காசி வட்டாரத்தில் ஒரு சின்ன அரசு ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். ஊர்ப் பெயர் வேண்டாம். குற்றாலத்தில் சாரல் விழுந்தால் எங்கள் ஆஸ்பத்திரி ஓட்டிலும் சத்தம் கேட்கும், அவ்வளவு பக்கம். பயிற்சியில் படித்ததில் பாதியை அந்த ஊர் மறக்கடித்தது. மீதிப் பாதியை எஸ்தர் சிஸ்டர் மறுபடி கற்பித்தார்.

எஸ்தர் சிஸ்டர் பிரசவ வார்டின் தலைமை நர்ஸ். நாசரேத் பக்கத்துக்காரர். குட்டையான உருவம், கஞ்சி போட்ட வெள்ளைச் சேலை. வார்டைக் கூட்டுகிற பேச்சிமுத்துவையும் ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார். நோயாளி முன்னால் யாரையும் திட்டியதில்லை. திட்ட வேண்டும் என்றால், “கொஞ்சம் டிரெஸ்ஸிங் ரூமுக்கு வாங்க” என்பார். வார்டுக்குள் வந்ததும் முதலில் கட்டில் விரிப்பைத் தொட்டுப் பார்ப்பார். ஈரம் இருந்தால் முகம் மாறிவிடும். பிறகு ஒவ்வொரு தாயிடமும் ஒரே கேள்வி: “பிள்ள குடிச்சானா?” பதில் கேட்ட பிறகும் நகரமாட்டார். தன் கண்ணால் பிள்ளை குடிப்பதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கட்டில்.

பிள்ளை பிறந்ததும் அவர் செய்கிற முறை ஒன்று உண்டு. துடைத்து, மூக்கு வாய் சுத்தம் செய்து, துணியில் சுற்றி, நேராகத் தாயின் நெஞ்சில் வைத்துவிடுவார். அந்தக் காலத்தில் அப்படி வழக்கமில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, சீனித்தண்ணியோ கழுதைப்பாலோ கொடுப்பதுதான் வழக்கம். சொந்தக்காரர்கள் கிண்ணத்தோடு வாசலிலேயே காத்திருப்பார்கள். சிஸ்டர் அவர்களோடு வாதாடியதே இல்லை. “ஆச்சி, நீங்க சொல்லுதது சரிதான். நாளைக்குக் குடுப்போம், இன்னைக்கு மட்டும் பொறுங்க” என்பார். மறுநாளைக்குள் பிள்ளை குடிக்கப் பழகியிருக்கும். கிண்ணம் தானாக வீட்டுக்குப் போய்விடும். ஒருத்தரையும் தோற்கடிக்காமல் ஜெயிக்கிற வித்தை அது. எனக்குக் கடைசிவரை முழுதாக வரவில்லை. நான் வாதாடுகிற ரகம்.

அந்த வார்டுக்குத்தான் கம்பெனி வந்தது.

வெளிநாட்டுக் கம்பெனி. குழந்தைகளுக்கான பால்மாவு விற்கிறவர்கள். மதுரையிலிருந்து ரவீந்திரன் என்று ஒரு பையன் டை கட்டிக்கொண்டு வருவான். கெட்டவன் இல்லை. வேர்த்து வழிய பஸ்ஸில் இறங்கி, எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு உட்காருவான். முதலில் காலண்டர் கொடுத்தான். அதில் இருந்த குழந்தைக்கு நீலக் கண். அடுத்து, பிள்ளையின் எடை எழுதிக் கட்டிலில் தொங்கவிட அழகான அட்டைகள். கடைசியில் ஒரு ஃபிரிட்ஜ்.

ஃபிரிட்ஜைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தடுப்பு மருந்து வைக்க எங்களிடம் இருந்த பழைய பெட்டி அடிக்கடி நின்றுபோகும். புதிது கேட்டு எங்கள் மருத்துவ அதிகாரி மேலே எழுதிக்கொண்டே இருந்தார். அவரைப் பெரிய டாக்டர் என்போம். சர்க்காரிடமிருந்து பதில் வராத இடத்தில் கம்பெனியிடமிருந்து பெட்டியே வந்தது. வாசலில் இறக்கியபோது பெரிய டாக்டர் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கதவில் கம்பெனிப் பெயர் பெரிதாக ஒட்டியிருந்தது. அதைத் திறந்துதான் நாங்கள் போலியோ மருந்தை எடுப்போம். பார்க்கிற தாய்மாருக்கு மருந்தும் கம்பெனியும் ஒன்றாகத்தானே தெரியும்?

ஃபிரிட்ஜுக்குப் பிறகு டப்பாக்கள் வந்தன, இலவசமாக. எஸ்தர் சிஸ்டர் அவற்றை அலமாரியில் வைத்துப் பூட்டினார். பிரசவத்தில் தாய் இறந்துபோன பிள்ளைக்கு மட்டும் எடுப்பார். அதையும் புட்டியில் கொடுக்க விடமாட்டார், பாலூட்டுகிற சங்கில்தான். புட்டியின் ரப்பரை மோந்து பார்த்து, “இதைக் கழுவ வெந்நீர் வைக்க எத்தனை வீட்டுல விறகு இருக்கு?” என்று கேட்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவர் கண் ஆபரேஷனுக்காக நீண்ட லீவில் போனார். என்னை ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றியிருந்தார்கள். அந்த இடைவெளியில் அலமாரி திறந்தது. வீட்டுக்குப் போகிற ஒவ்வொரு தாயிடமும் டப்பா கொடுத்து அனுப்பலாம் என்று பெரிய டாக்டர் சொல்லிவிட்டார். ஏழைகளுக்குச் சத்தான பொருள் சும்மா கிடைக்கிறது, பூட்டி வைப்பானேன் என்பது அவர் எண்ணம்.

சிஸ்டர் திரும்பி வந்து, நானும் பிரசவ வார்டுக்குத் திரும்பிய சமயத்தில், வாசுதேவநல்லூர்ப் பக்கத்திலிருந்து பேச்சியம்மாள் தன் பிள்ளையோடு வந்தாள். வயலில் களை பறிக்கிறவள். தலைப்பிரசவம் எங்களிடம்தான் நடந்தது. போகும்போது டப்பாவோடு போயிருக்கிறாள். இப்போது பிள்ளைக்கு மூன்று மாதம் இருக்கும், ஓயாத வயிற்றுப்போக்கு. பிறந்தபோது இருந்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. உச்சிக்குழி உள்ளே விழுந்திருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் கிள்ளினபடியே நின்றது. அழுதது, ஆனால் கண்ணீர் இல்லை.

சிஸ்டர் பிள்ளையின் தலையில் நரம்பு தேடிச் சலைன் ஊசி ஏற்றினார். ஆபரேஷன் செய்த கண்ணோடு அந்த நரம்பை எப்படிப் பிடித்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம். உப்பும் சீனியும் கலந்த தண்ணீரைச் சங்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொல்லி என்னை உட்கார வைத்தார். வாந்தி எடுத்தால் கொஞ்சம் நிறுத்து, பிறகு மறுபடி கொடு. அவ்வளவுதான் உத்தரவு. சாயங்காலத்துக்குள் பிள்ளை சிறுநீர் கழித்தது. துணி நனைந்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் பேச்சியம்மாளிடம் பேசினோம். புட்டியைக் காட்டினாள். உள்ளே இருந்தது பால் இல்லை, வெளுத்த தண்ணீர். இலவச டப்பா தீர்வதற்குள் அவளுக்குப் பால் வற்றிவிட்டது. பிள்ளை சப்பினால்தானே சுரக்கும். கடையில் ஒரு டப்பா வாங்கினார்கள். அதன் விலைக்கு அவள் எத்தனையோ நாள் களை பறிக்க வேண்டும். ஆகவே ஒரு கரண்டி போடுகிற இடத்தில் அரைக் கரண்டி, பிறகு அதிலும் பாதி. ஊர்க்கிணற்றுத் தண்ணீர். டப்பாவில் அச்சடித்திருந்த முறையை வாசிக்க அந்த வீட்டில் ஆளில்லை.

சிஸ்டர் அவளைக் குறை சொல்லவில்லை. ஏன் டப்பாவுக்குப் போனாய் என்று நான்தான் கேட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்:

“ஆஸ்பத்திரியில குடுத்தாவ நர்ஸம்மா. ஆஸ்பத்திரியில குடுத்தா நல்லதாத்தான இருக்கும்?”

கட்டிலுக்கு எதிரே ஃபிரிட்ஜ் முனகிக்கொண்டிருந்தது.

பாலைத் திரும்ப வரவழைக்க முடியும் என்பது சிஸ்டரின் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை அப்போது இல்லை. பிள்ளையை மார்பில் வைத்து, மேலிருந்து சங்கால் பசும்பாலைத் துளித்துளியாக வழியவிட வேண்டும். பால் வருகிறது என்று நினைத்துப் பிள்ளை சப்பும். சப்பச் சப்ப உடம்புக்கு நினைவு வரும். புட்டிக்குப் பழகின பிள்ளை முதலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அலறும். பேச்சியம்மாளும் சேர்ந்து அழுவாள். நாங்கள் விடவில்லை. பேச்சியம்மாளின் மாமியார் சுறாப்புட்டும் பூண்டும் முருங்கைக்கீரையுமாகச் சமைத்துக் கொண்டுவந்தாள். வேண்டாம் என்று சிஸ்டர் சொல்லவில்லை. ஒரு வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு மேல் இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு காலையில் பேச்சியம்மாள் என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். ரவிக்கை நனைந்திருந்தது. அவள் அதைத் துடைக்காமல் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பத்திரிகையில் ஒரு செய்தி வந்தது. பால்மாவுக் கம்பெனிகள் ஆஸ்பத்திரிக்குள் வந்து விளம்பரம் செய்யக்கூடாது, தாய்மாருக்கு இலவச டப்பா கொடுக்கக்கூடாது என்று உலக நாடுகள் கூடி ஒரு நெறிமுறை கொண்டுவந்தன. ஏறக்குறைய எல்லா நாடும் கை தூக்கியது. எதிர்த்து ஓட்டுப் போட்டது ஒரே ஒரு நாடு, அமெரிக்கா. வியாபாரத்துக்குத் தடை போடக் கூடாதாம். சிஸ்டர் அதை டூட்டி அறையில் சத்தமாக வாசித்துவிட்டு, பத்திரிகையை மடித்து வைத்தார். ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான் என்று அதில் எழுதியிருந்தது. அங்கேயும் ஆஸ்பத்திரி, அங்கேயும் இலவச டப்பா, அங்கேயும் தண்ணீராகிப்போன புட்டி.

அந்நியர் தலையீடு என்றால் கப்பலும் பீரங்கியும் என்றுதான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். நான் கண்ணால் பார்த்த தலையீடு பஸ்ஸில் வந்து வணக்கம் சொன்னது. சர்க்கார் எதைக் கைவிட்டதோ சரியாக அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது. எங்களுக்கு ஃபிரிட்ஜ் இல்லாததால்தான் அவர்களுக்கு வாசல் திறந்தது. சந்தையிடம் விட்டுவிட்டால் அவரவர் தமக்கு நல்லதைத் தேர்ந்துகொள்வார்கள் என்று பின்னாளில் படித்தவர்கள் பலர் பேசக் கேட்டிருக்கிறேன். பேச்சியம்மாள் எதைத் தேர்ந்தாள்? அவளிடம் காசில்லாமல் கிடைக்கிற ஒரு பால் இருந்தது. அதை வற்றவைத்தால்தான் அவள் வாடிக்கையாளர் ஆவாள். தேர்ந்தெடுத்தது கம்பெனி. இதில் உள்நாட்டுக் கம்பெனி என்றால் மட்டும் நல்லது செய்துவிடும் என்று சொல்லவரவில்லை. ஆனால் பெரிய நாடு ஒன்று பின்னால் நிற்கிறது என்றால் அந்த வியாபாரத்தின் தைரியமே வேறு.

அந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்தது. குற்றாலத்தில் கூட்டம். கம்பெனி அங்கே ஒரு மண்டபத்தில் ஆரோக்கியக் குழந்தைப் போட்டி வைத்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து யூனிபார்மோடு ஒரு நர்ஸை அனுப்ப வேண்டும் என்று ரவீந்திரன் கேட்டான். பத்திரிகைச் செய்தியைச் சிஸ்டர் எடுத்துச் சொன்னபோது, அது சட்டம் இல்லை சிஸ்டர், யோசனைதான் என்றான். அவன் சொன்னது உண்மைதான். அப்போது நம் நாட்டில் சட்டம் இல்லை. அதற்குப் பல வருஷம் கழித்துத்தான் வந்தது.

பெரிய டாக்டர் என்னைப் போகச் சொன்னார். நான் மாட்டேன் என்று சொல்லப்போனேன். “கொஞ்சம் டிரெஸ்ஸிங் ரூமுக்கு வாங்க” என்றார் சிஸ்டர். உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்.

“போய்ட்டு வாங்க. யூனிபார்மை நல்லாக் கஞ்சி போட்டு உடுத்திக்கிடுங்க. அங்கன யாராவது கேட்டா உள்ளதச் சொல்லுங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க.”

போனேன். மண்டபம் முழுக்க ஈரத்தலையோடு ஜனங்கள். கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்த பிள்ளைகள். தராசு, வண்ணக் காகிதம், அடுக்கி வைத்த டப்பாக்கள். மெட்ராஸிலிருந்து கம்பெனி சார்பில் ஒரு அம்மாள் வந்து மைக்கில் பேசினார். முதல் பரிசு இலஞ்சியிலிருந்து வந்த ஒரு பிள்ளைக்குக் கிடைத்தது. மடிப்பு மடிப்பாகத் தொடை. தாய் சின்னப் பெண், வெட்கத்தோடு மேடை ஏறினாள். பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று அந்த அம்மாள் கேட்டு மைக்கை நீட்டினார்.

“வேற என்னத்தக் குடுக்க? எம்பாலுதான்” என்றாள் அவள்.

மண்டபம் சிரித்தது. மெட்ராஸ் அம்மாளும் சிரித்துச் சமாளித்தார். தாய்ப்பால் நல்லதுதான், ஆனால் எல்லோருக்கும் அது போதுவதில்லை, இதை நம்ம ஆஸ்பத்திரி சிஸ்டரே சொல்லுவாங்க என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

கேட்டுவிட்டார்கள். ஆகவே சொன்னேன். இந்தப் பெண் சொன்னதுதான் சரி என்றேன். அநேகமாக எல்லாத் தாய்க்கும் பால் போதும், பிள்ளை சப்பச் சப்பச் சுரக்கும், டப்பா உள்ளே வந்தால் அது வற்றும் என்றேன். ஊர் பேர் சொல்லாமல் பேச்சியம்மாள் கதையைச் சொன்னேன். முன்வரிசையில் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், அப்படின்னா இந்த டப்பா யாருக்கும்மா என்று கேட்டார். தாய் இல்லாத பிள்ளைக்கு, அதுவும் டாக்டர் சொன்னால், அதுவும் புட்டியில் இல்லாமல் சங்கில் என்றேன். அதற்குள் ரவீந்திரன் வந்து மைக்கைப் பிடித்து அணைத்துவிட்டான். பிரசவ வார்டில் வேலை பார்த்தவளுக்கு மைக் எதற்கு? மீதியை வெறும் தொண்டையில் சொல்லி முடித்தேன்.

பெரும் புரட்சி எதுவும் நடந்துவிடவில்லை. பரிசு டப்பாக்களை ஜனங்கள் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். ஆனால் வெளியே மழைக்கு ஒதுங்கி நின்ற இடத்தில் ஏழெட்டுப் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். எனக்குப் பால் பத்தலையே என்று ஒருத்தி, வேலைக்குப் போனால் என்ன செய்வது என்று ஒருத்தி. பஸ்ஸை விட்டுவிட்டுப் பதில் சொன்னேன்.

அடுத்த வாரம் ஃபிரிட்ஜை எடுத்துக்கொண்டு போனார்கள். டெம்போவில் ஏற்றும்போது பெரிய டாக்டர் படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மேல் அவருக்கு ரொம்பக் கோபம். பேச்சியம்மாள் அன்று வீட்டுக்குப் போகிற நாள். பிள்ளை அவள் மார்பில் சத்தம் போட்டுக் குடித்துக்கொண்டிருந்தது. பெரிய டாக்டர் உள்ளே வந்தவர் அந்தச் சத்தத்துக்கு நின்றார். பிள்ளையின் வயிற்றுத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். அது சட்டென்று திரும்பியது. “டப்பா குடுத்து அனுப்பச் சொன்னது நான்தானே” என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு எங்கள் வார்டில் டப்பா கொடுக்கப்படவில்லை. காலண்டரை அவரே கழற்றினார். தென்காசி ஐஸ் பேக்டரியிலிருந்து கட்டி ஐஸ் வரவழைத்து, தடுப்பு மருந்துக்கென்று நாள் குறித்து, எல்லாப் பிள்ளைகளையும் ஒரே நாளில் வரச் சொல்லிச் சமாளித்தோம். சர்க்கார் ஃபிரிட்ஜ் பல மாதம் கழித்து வந்தது. கதவில் யார் பெயரும் இல்லை.

கம்பெனி மேலிடத்தில் புகார் செய்தது. ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். நான் சொன்னதெல்லாம் நாங்கள் படிக்கிற மருத்துவப் புத்தகத்தில் இருப்பதுதான் என்று பெரிய டாக்டர் அவரிடம் சொன்னார். தான் அனுமதித்துத்தான் நான் பேசினேன் என்று எஸ்தர் சிஸ்டர் சொன்னார். அதிகாரி இரண்டையும் கேட்டுக்கொண்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கம்பெனிக்காரன் மேடையில் ஏறிக்கொண்டு கம்பெனிக்கு எதிராகப் பேசலாமா என்று கேட்டார்.

“மேடை அவங்களோடது சார். யூனிபார்ம் சர்க்காரோடது” என்றேன்.

அவர் பேனாவை மூடினார். கொஞ்ச நாளில் என்னை வாசுதேவநல்லூர்ப் பக்கத்தில் ஒரு சின்ன சுகாதார நிலையத்துக்கு மாற்றினார்கள். தண்டனை என்று எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள். நான் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிம்மதியாகப் போனேன். இருபதாண்டுக்கும் மேல் அந்தப் பக்கத்தில்தான் வேலை பார்த்தேன், ஒரு நாளும் வருந்தியதில்லை.

போய்ச் சேர்ந்த சில நாளிலேயே ஒரு பெண் புட்டியும் கையுமாக வந்தாள். கைப்பிள்ளை நோஞ்சானாக இருந்தது. பால் வற்றிவிட்டது என்றாள். பிள்ளை சப்பினால் திரும்ப வரும் என்று நான் படித்துப் படித்துச் சொன்னேன். அவள் என் கழுத்தைப் பார்த்தாள். எனக்குக் கல்யாணமும் ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. நான் சொல்வதை அவள் ஏன் நம்ப வேண்டும்? பேச்சியம்மாளின் ஊர் பக்கத்தில்தான் என்று அப்போதுதான் தோன்றியது. ஆள் அனுப்பினேன்.

வயலிலிருந்து அப்படியே வந்தாள், சேற்றுக் காலோடு. இடுப்பில் அந்தப் பிள்ளை, இப்போது பிடித்து நிறுத்த முடியாத முரட்டுப் பயலாக. அவனை என்னிடம் தந்துவிட்டுக் கையை முழங்கை வரை கழுவினாள். கட்டிலில் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்தாள். புட்டியை வாங்கி ஜன்னலில் வைத்தாள்.

“ஏட்டி, வத்திப்போச்சுன்னு எவன் சொன்னான்? எனக்கும் அப்படித்தான் சொன்னாவ. பிள்ளைய இங்கன கொண்டா.”